குறியும் பிணையும்: வரைகலை மாணவர் பயிற்சிகள் குறித்து ஒரு நோக்கு

ஒரு கலையின் உயரத்தை அறிய விரும்புவோர் அக்கலையில் தேர்ந்தோரின் படைப்புகளைப் பார்ப்பது வழக்கம். ஆயின், அக்கலை எதை மதிக்கிறது, எதைக் கேளாமல் விடுகிறது என்பதை அறிய வேண்டுமானால், அதன் மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். ஆசிரியர் எதற்கு மதிப்பெண் இட்டார், எதைக் கண்டும் காணாதவராய்க் கடந்து சென்றார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். மத்ரஸாவில் அரபு இலக்கணமும், மன்திக் எனப்படும் தருக்கமும் முப்பதாண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு இது அனுபவத்தில் கண்ட உண்மை. மாணவனின் ஏட்டில் உள்ள பிழைகளிற் பாதி அவனுடையவை, மறுபாதி என்னுடையவை.

வரைகலை வடிவமைப்பு என்பது இன்று நம் பிள்ளைகளிற் பலர் விரும்பிச் சேரும் படிப்பு. பெற்றோர் சிலர் அதனைப் 'படம் போடும் படிப்பு' என்று எண்ணி முகம் சுளிக்கின்றனர். வேறு சிலர், நல்ல சம்பளம் வரும் என்று கேள்வியுற்று மகிழ்கின்றனர். இரு சாராரும் அந்தப் படிப்பு என்னவென்று பார்ப்பதில்லை. அது படம் போடும் படிப்பன்று. குறி இடும் படிப்பு. கடைப் பலகை, மருந்துப் பெட்டி, பேருந்து நிலையத்து அறிவிப்பு, நூலின் மேலட்டை, பணத்தாள் என நாம் ஒரு நாளில் கண்ணாற் கண்டு நம்பிச் செயற்படும் குறிகள் அனைத்தும் யாரோ ஒருவர் அமர்ந்து வரைந்தவை. அவற்றை வரைபவர்க்கு எது கற்பிக்கப்படுகிறது என்பது, எனவே, நம் எல்லோருடைய கவலையும் ஆகும்.

பையிலிருந்த பயிற்சிகள்

என் தங்கை மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் இப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், தன் பயிற்சிகளை ஒரு பெரிய பையில் கொண்டுவந்து என் முன் விரித்தாள். "மாமா, நீங்கள் எழுத்தைப் பார்க்கிறவர்கள், சொல்லுங்கள்" என்றாள். சொன்னவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

முதற்பயிற்சி, 'ழ' என்னும் ஒற்றை எழுத்து. அதனைத் தாள் முழுதும் பெரிதாக்கி, ஓரங்கள் வெட்டுண்டு போகும்படி கறுப்பு வெள்ளையில் அமைத்திருந்தாள். முதற்பார்வையில் எழுத்து தெரியவில்லை. கறுப்புக்கு இடையே கிடந்த வெள்ளைதான் தெரிந்தது. சற்று நேரம் சென்றபின் வெள்ளை பின்வாங்கி எழுத்து முன்வந்தது. எழுத்து என்பது மை மட்டுமன்று, மை விட்டுவைத்த இடமும் எழுத்தே என்று அப்பயிற்சி கற்பிக்கிறது. அரபு எழுத்தணியில் 'வாவ்' என்னும் எழுத்தின் தலைக்குள் எவ்வளவு வெண்மை நிற்க வேண்டும் என்று ஆசிரியர்கள் மாணவனைப் பலநாள் வருத்துவதும் இதற்காகவே. நல்ல பயிற்சி, அவளும் நன்றாகவே செய்திருந்தாள்.

இரண்டாவது, ஒரு பேருந்து நிலையத்துக்கான குறிகள். குடிநீர், கழிப்பறை, பெண்கள் காத்திருக்கும் அறை, விசாரணை என ஆறு குறிகள். குடிநீருக்கு ஒரு குழாயும் அதன்கீழ் ஒரு குவளையும் வரைந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அதைப் பார்த்து நடப்பார். ஆனால் விசாரணைக்கு ஒரு வினாக்குறியை மட்டும் வைத்திருந்தாள். "படிக்கத் தெரியாதவர்க்கு வழிகாட்டத்தானே இக்குறிகள்? படிக்கத் தெரியாதவர்க்கு வினாக்குறி எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தப் பயிற்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு இடப்பட்டிருந்தது. கோடுகளின் கனமும் இடைவெளியும் அவ்வளவு சீராக இருந்தன. அதனால் இக்கேள்வி யாருக்கும் எழவில்லை.

மூன்றாவது பயிற்சிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வீட்டுத் தொழிலாக இடியப்ப மாவு செய்து விற்கும் ஒரு பெண்மணியைக் கற்பனையாக வைத்து, அவருடைய மாவுக்கு உறை அமைக்க வேண்டும். வெற்றிலை நிறத்தில் ஓர் உறை, மேலே இடியப்பத் தட்டின் வட்டம், எழுத்துகள் தெளிவு. பின்புறத்தில், அடியில், ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான சிறு முக்கோணம் இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"மறுசுழற்சிக் குறி, மாமா. எல்லா உறையிலும் இருக்கும்."

"இந்த உறை திரும்ப எங்கே போகும்?"

அவளிடம் விடை இல்லை. அவளுக்கு மதிப்பெண் இட்டவர்களும் அதைக் கேட்டிருக்கவில்லை. உறை, பல படலங்களை ஒட்டிச் செய்த பளபளப்பான வகை என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது.

அந்தச் சிறு முக்கோணமே ஒரு மாணவரின் கைவேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. அதன் வரலாறு, மாணவர் பயிற்சி என்பதன் பெருமையையும் குறையையும் ஒருசேரக் காட்டுவது. அதனைச் சொல்ல, சற்றுப் பின்னோக்கி ஜெர்மனிக்குச் செல்ல வேண்டும்.

செய்தித்தாளும் பணத்தாளும்

இன்றைய வடிவமைப்புக் கல்லூரிகள் பலவற்றிலும் முதலாண்டில் மாணவர்க்குக் காகிதம் மடிக்கும் பயிற்சி தருகின்றனர். என் தங்கை மகளும் அதைச் செய்தவள்தான். இவ்வழக்கத்தின் ஊற்றுகளில் ஒன்று பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளி. 1919-ஆம் ஆண்டு வைமார் நகரில் தொடங்கி, டெஸ்ஸாவுக்கும் பின் பெர்லினுக்கும் இடம்மாறி, 1933-இல் மூடப்பட்ட பள்ளி அது. பதினான்கு ஆண்டுகளே வாழ்ந்தது. ஆனால் அதன் பாடமுறை உலகெங்கும் பரவிற்று.

அங்கே 1923 முதல் கற்பித்த யோசப் ஆல்பெர்ஸ், புதிய மாணவர்களிடம் ஒரு கட்டுச் செய்தித்தாளைக் கொடுத்து, இதனை இப்போதிருப்பதிலும் மேலான ஒன்றாக ஆக்குங்கள், ஆனால் எதையும் வீணாக்காதீர்கள் என்று பணித்துவிட்டுச் சென்றுவிடுவாராம். திரும்பி வந்து பார்த்தால் படகும் கோட்டையும் முகமூடியும் வானூர்தியும் நிறைந்திருக்கும். அவற்றைப் பார்த்து, இவையெல்லாம் வேறு பொருளில் இதைவிட நன்றாகச் செய்யலாமே என்பார். ஒருமுறை ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் ஒரே ஒரு மடிப்பு மடித்து, ஒரு தடுப்புத் திரைபோல் நிறுத்தியிருந்தார். அவர் பாராட்டியது அதனைத்தான். தட்டையாய்க் கிடக்கும் தாள் ஒரு மடிப்பினால் நிமிர்ந்து நிற்கிறது. அதன் இருபுறமும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு துண்டும் வீணாகவில்லை.

இப்பயிற்சியின் சிறப்பு அதன் நேர்மை. தாளை வேறொன்றுபோல் நடிக்கச் செய்யாமல், தாள் எதைச் செய்ய வல்லதோ அதைச் செய்யவைக்கிறது. கலை மாணவனுக்கு இதைவிட நல்ல முதற்பாடம் இருக்க முடியாது. ஆயின் இதில் ஓர் எல்லையும் உண்டு. இது மாணவனைப் பொருளிடத்தில் உண்மையாக இருக்கப் பழக்குகிறது. பார்ப்பவனிடத்தில் உண்மையாக இருப்பது எப்படி என்பதை இது கற்பிப்பதில்லை. அது வேறு பாடம்.

அந்த வேறு பாடத்தின் தேவையை அதே பள்ளியின் இன்னொரு மாணவர் வேலை காட்டுகிறது. ஹெர்பர்ட் பேயர் என்பவர் ஆஸ்திரியாவில் 1900-ஆம் ஆண்டு பிறந்து, 1921-இல் பௌஹவுஸில் சேர்ந்தவர். 1923-இல் ஜெர்மனியின் பணவீக்கம் கட்டுமீறியபோது, துரிங்கியா மாநில வங்கி அவசரப் பணத்தாள்கள் வெளியிட வேண்டியதாயிற்று. அவற்றை வடிவமைக்கும் பொறுப்பு, மாணவராகவே இருந்த 23 வயதுப் பேயரிடம் வந்தது. பத்து லட்சம் மார்க், இருபது லட்சம் மார்க் என அவர் அமைத்த தாள்களை இன்றும் அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன. மன்னர் உருவமில்லை, கொடிப்பின்னலில்லை, மலர்க்கொத்தில்லை. கனத்த எழுத்தும், பெரிய எண்ணும், பட்டைக்கோடும் மட்டுமே. பணத்தாளின் வேலை தன் மதிப்பைச் சொல்வது. அதைத் தவிர வேறெதையும் அது சொல்ல வேண்டியதில்லை என்ற துணிவு அதில் உண்டு.

வடிவத்தில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தாள் சொன்ன மதிப்பு எங்கே இருந்தது? போருக்கு முன் 1914-இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.2 மார்க் கொடுத்தால் போதும். 1923 நவம்பரில் அதே டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. பேயரின் எழுத்து எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவாக அத்தாள் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் சொன்னவர் பேயர் அல்லர். தாளுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிணை இல்லாமற் போனதே காரணம். எனினும், குறி அழகாக இருப்பதும் குறி உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அவர் அந்தப் பாடத்தைக் கற்றாரா? கற்றார் என்று சொல்வதற்கில்லை. நாஜிகள் ஆட்சியில், 1936-இல் பெர்லினில் நடந்த ஜெர்மானியக் கண்காட்சிக்கு விளம்பர ஏடு அமைத்துக் கொடுத்ததும் அதே கைதான். பின்னர் 1938-இல் அமெரிக்கா சென்றார். கைத்திறனுக்கு எந்தக் குறையுமில்லாத ஒருவர், அத்திறன் எதற்குச் சாட்சி சொல்கிறது என்று நின்று கேளாமற் போனது, அவருடைய குறை மட்டுமன்று. வடிவத்தை மட்டும் மதிப்பிட்டுப் பழகிய ஒரு கல்வியின் குறையும் ஆகும்.

மூன்று அம்புகள்

1970 ஏப்ரல் 22-ஆம் நாள் அமெரிக்காவில் முதற்புவிநாள் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டில், பழங்காகிதத்தை மீண்டும் அட்டையாக்கும் தொழிலில் பெரிதாயிருந்த கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆப் அமெரிக்கா என்னும் நிறுவனம், மறுசுழற்சியைக் குறிக்கும் ஓர் அடையாளத்துக்காக மாணவர்களிடையே போட்டி வைத்தது. 500-க்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. கொலராடோ மலைநாட்டு ஆஸ்பென் நகரில் நடந்த பன்னாட்டு வடிவமைப்பு மாநாட்டில் நடுவர்கள் கூடித் தேர்ந்தெடுத்தனர். வென்றவர் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவர் கேரி ஆண்டர்சன். அவருக்கும் அப்போது வயது 23. நடுவர்களில் ஒருவர், அந்நிறுவனத்துக்கு நெடுங்காலம் ஆலோசகராய் இருந்த அதே ஹெர்பர்ட் பேயர். கல்வியில் 'இஸ்னாது' எனப்படும் தொடர்ச்சியை மதிப்பவர்கள் நாம். மதிப்பிழந்த பணத்தாளை மாணவராய் இருந்து வரைந்த கை, இன்னொரு மாணவரின் குறியைத் தெரிந்தெடுத்தது என்பது அத்தொடர்ச்சியில் மறக்கத்தகாத ஒரு கண்ணி.

அந்தக் குறியைத் திறனாய்வு நோக்கில் பார்ப்போம். ஒரு நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டினால், உள்புறம் வெளிப்புறம் என்ற வேறுபாடில்லாத ஒரு வளையம் கிடைக்கும். மேபியஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. எறும்பொன்று அதன்மேல் நடந்தால், ஓரத்தைத் தாண்டாமலே இருபுறமும் சென்று புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும். அவ்வளையத்தையே ஆண்டர்சன் மூன்று மடிந்த அம்புகளாக்கி முக்கோணமாக நிறுத்தினார். போவதும் வருவதும் ஒன்றே என்னும் கருத்தும், முடிவின்மையும், காகிதச் சுருளின் மடிப்பும், ஆலையின் இயக்கமும் அத்தனையும் அச்சிறு உருவில் அடங்கின. எந்த மொழியினரும் அறிவர், கையாலும் வரையலாம், விரல் நகத்தளவு சுருக்கினாலும் சிதையாது. மாணவர் வேலையில் இவ்வளவு செறிவு அரிது.

நிறுவனமும் அதைத் தனக்கென்று பூட்டிவைக்க முடியவில்லை. அது பொதுச்சொத்தாயிற்று. யாரும் எதிலும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. அதன் புகழுக்கும் அதுவே காரணம்; அதன் வீழ்ச்சிக்கும் அதுவே வாயில்.

1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலாளர் அல்லர், பிளாஸ்டிக் முதலாளிகளின் சங்கம், அந்த முக்கோணத்தை எடுத்து அதனுள் 1 முதல் 7 வரை எண்களை இட்டுப் பொருள்களின் அடியில் பொறிக்கத் தொடங்கிற்று. எண்ணின் பொருள் ஒன்றே: இது இன்ன வகைப் பிளாஸ்டிக். 1 என்பது தண்ணீர்ப் புட்டி வகை. 6 என்பது தெர்மாகோல் இனம். 7 என்பது மற்றவை எல்லாம். இது திரும்ப எடுக்கப்படும் என்றோ, எடுக்கக்கூடியது என்றோ அந்த எண் சொல்லவில்லை. ஆனால் அம்புகள் சொல்லின. வாங்கியவர் எண்ணைப் படிக்கவில்லை, அம்பைத்தான் படித்தார். உலகில் 2015 வரை குப்பையாய்ப் போன பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குச் சென்றது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே என்று 2017-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அம்புக்குறி பெற்ற பொருள்களோ எண்ணில. அச்சடித்த தாள் பெருகப் பெருகப் பணத்தின் மதிப்பு கரைந்ததுபோல, அச்சடித்த அம்பு பெருகப் பெருக அம்பின் சொல்லும் கரைந்தது.

இதை உணர்ந்தபின் திருத்தங்களும் வந்தன. 2013-இல், புதிதாய்ச் செய்யும் அச்சுகளில் துரத்தும் அம்புகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணத்தையே எண்ணுக்கு இட வேண்டும் என்று அமெரிக்கத் தர அமைப்பு விதியை மாற்றிற்று. ஆண்டர்சன் பயின்ற கலிபோர்னியா மாநிலமே 2021-இல், உண்மையில் திரட்டப்பட்டு மறுசுழற்சிக்குச் செல்லாத பொருள்களின்மீது அம்புக்குறி இடுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. ஒரு மாணவரின் வரைவு, அரை நூற்றாண்டுக்குப்பின் சட்டமன்றத்தில் விசாரிக்கப்பட்டது.

புகையும் நெருப்பும்

இந்த இடத்தில் மத்ரஸா மாணவன் ஆரம்ப வகுப்பிலேயே கற்கும் ஒரு பாகுபாடு நமக்கு உதவும். ஒன்றைக் கண்டதும் இன்னொன்று அறியப்படுமாயின் அதனைத் 'தலாலத்' என்பர் மன்திக் நூலார். அது மூவகை. புகையைக் கண்டு நெருப்பை அறிவது அறிவுவழிக் குறிப்பு. காரணமும் காரியமும் பிரியாதவை. நோயாளியின் முனகலால் அவன் நோவை அறிவது இயல்புவழிக் குறிப்பு. சொல்லைக் கேட்டுப் பொருளை அறிவது ஒப்பந்தவழிக் குறிப்பு. மக்கள் அப்படி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தமிழ் அளவை நூல்களிலும் புகையும் நெருப்புமே எடுத்துக்காட்டாக வருதல் கற்றோர் அறிந்தது.

வரைகலையில் இடப்படும் குறிகள் பெரும்பாலும் மூன்றாம் வகை. அம்புக்குறியும் அப்படித்தான். அது வெறும் ஒப்பந்தம். ஆனால் அதன் உருவம் அவ்வளவு இயல்பாக அமைந்துவிட்டதால், பார்ப்பவர் அதனை முதல் வகையாகக் கொண்டுவிடுகின்றனர். புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு. அம்பு தெரிகிறது, ஆகவே பொருள் திரும்பும் என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. சொல்லப்பட்டது ஒப்பந்தம், கேட்கப்பட்டது சான்று. குறி எவ்வளவு நன்றாக வரையப்படுகிறதோ அவ்வளவு எளிதாக இம்மயக்கம் நிகழ்கிறது. அழகின் ஆபத்து இதுவே.

ஆண்டர்சனைக் குற்றம் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அவர் வரைந்தபோது அது காகிதத்துக்கான குறி. காகிதத்துக்குப் பின்னால் ஆலை இருந்தது. பிணை இருந்த குறிதான் அது. பிணையில்லாப் பொருளின்மீது அதை ஒட்டியவர் வேறு. எனினும் குறி வரைவோர்க்கு ஒரு பாடம் உண்டு: நாம் வரைவது, நாம் அறியாத கைகளில், நாம் எண்ணாத பொருளின்மீது, நம் பெயரின்றிச் சாட்சி சொல்லும்.

அன்றைய ஆஸ்பென் மாநாட்டிலேயே இக்கேள்வி வேறு வடிவில் எழுந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. சுற்றுச்சூழலே அவ்வாண்டு மாநாட்டின் பொருள். அங்கு வந்திருந்த மாணவர்களும் இளைஞர்களும், நீங்கள் யாருக்காக வடிவமைக்கிறீர்கள் என்று மூத்தவர்களை எதிர்த்து நின்றனர். மூத்தவர்கள் சங்கடப்பட்டனர். அழகிய குறி ஒன்று தேர்வான அதே மாநாட்டில் கடினமான கேள்வி ஒன்றும் வைக்கப்பட்டது. குறி உலகெங்கும் சென்றது. கேள்வியோ வகுப்பறைகளுக்குள் அவ்வளவாக வரவில்லை.

காயலான் கடையின் தீர்ப்பு

இவ்வளவையும் என் தங்கை மகளிடம் சொன்னேன். பிள்ளை வாட்டமுற்றாள். "அப்படியானால் என் வேலை பொய்யா, மாமா?" என்றாள். "தெரியாது. தெரிந்தவரிடம் கேட்டு வா" என்று அவளைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன்.

பழைய இரும்பும் பழைய தாளும் வாங்கும் கடைக்குத் தமிழ்நாட்டார் வைத்திருக்கும் பெயர் காயலான் கடை. காயல்பட்டினத்து வணிகரை ஒட்டி எழுந்த பெயர் என்று சொல்வர். பலர் இளக்காரமாகச் சொல்லும் அப்பெயரை நான் மரியாதையோடு சொல்கிறேன். ஏனெனில் நம் நாட்டில் அந்த மூன்று அம்புகளுக்குப் பிணையாய் நிற்பது பெரும்பாலும் அந்தக் கடையும், அதற்குப் பொருள் பொறுக்கிவரும் ஏழை மக்களுமே. பணத்தாளுக்குப் பின்னால் பொன் இருப்பு இருப்பதுபோல, மறுசுழற்சிக் குறிக்குப் பின்னால் இருக்க வேண்டியது கடைக்காரரின் தராசு. அவர் எடைபோட்டுக் காசு கொடுத்தால் குறி உண்மை. தள்ளிவிட்டால் குறி வெறும் மை.

எங்கள் ஊர்க் கடைக்காரர் அவள் காட்டிய மாதிரி உறையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போகாதும்மா. பால் கவர் எடுப்போம், புட்டி எடுப்போம், அட்டை எடுப்போம். இந்தப் பளபளப்புக் கவரை யாரும் வாங்குவதில்லை, ஒட்டினது பிரியாது" என்றாராம். கல்லூரி கேளாத கேள்விக்கு, ஒரு குறியும் வரைந்தறியாத மனிதர் ஒரு நிமிடத்தில் விடை தந்துவிட்டார்.

அன்றிரவே அவள் அம்புகளை அழித்தாள். அவ்விடத்தில், 'இவ்வுறையைப் பழைய பொருட்கடைகள் ஏற்பதில்லை' என்று ஒரு வரி எழுதினாள். மறுநாள் காலை அதை என்னிடம் காட்டிவிட்டு, "இந்த வரியை எந்த வியாபாரி மாமா அச்சிடுவார்?" என்றாள்.

நியாயமான கேள்வி. உடனே எனக்கு விடை வரவில்லை. உண்மையைச் சொல்லும் குறியைச் சந்தை ஏற்காது. சந்தை ஏற்கும் குறி உண்மையைச் சொல்லாது. அந்த இடுக்கில்தான் இத்தொழிலில் உள்ளவர்கள் நாளெல்லாம் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரி எழுதுவதோடு முடியாது என்றால், உறையையே மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொன்னேன். பால் கவர்போல் ஒரே வகைப் படலத்தாலான உறையில் மாவு எத்தனை நாள் ஈரம் ஏறாமல் இருக்கும்? விலை என்னாகும்? சிறிய பொட்டலமாக, விரைவில் தீரும் அளவில் விற்றால் ஆகுமா? அவள் இப்போது அதை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மேற்பரப்பில் ஒரு சின்னம் என்று தொடங்கிய பயிற்சி, பொருளுக்குள்ளும் வணிகத்துக்குள்ளும் இறங்கிவிட்டது. பயிற்சி என்று சொல்லத் தகுந்தது இதுவே.

கற்பிப்போர்க்கு

வடிவமைப்பு ஆசிரியர்களிடம் பணிவோடு ஒன்று கேட்க விரும்புகிறேன். கோட்டின் கனம், எழுத்தின் இடைவெளி, நிறங்களின் இசைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுங்கள். அவை இல்லாமல் இக்கலை இல்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் மூன்று கேள்விகளையும் மாணவரிடம் கேளுங்கள். இந்தக் குறி என்ன சொல்கிறது? பார்ப்பவர் என்ன கேட்டுக்கொள்வார்? இரண்டுக்கும் பிணை நிற்பவர் யார்? மூன்றாம் கேள்விக்கு வகுப்பறைக்குள் விடை கிடைக்காது. மாணவர் எழுந்து வெளியே போய் ஒருவரைக் கேட்டு வர வேண்டியிருக்கும். அந்த நடையும் பாடத்தில் சேரட்டும்.

கற்பனையான வாடிக்கையாளருக்கு வேலை செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. நாங்களும் 'ஸைது அம்ரை அடித்தான்' என்னும் நடவாத நிகழ்ச்சியை வைத்தே பல நூற்றாண்டுகளாய் இலக்கணம் கற்பிக்கிறோம். ஆனால் எடுத்துக்காட்டு கற்பனையாய் இருப்பதால், கற்பவனின் பொறுப்பும் கற்பனையாகிவிடக் கூடாது. இல்லாத பெண்மணியின் மாவுக்கு இட்ட பொய்க்குறி, நாளை இருக்கின்ற முதலாளியின் பொருளுக்குக் கூசாமல் இடப்படும். கை பழகியதைத்தான் செய்யும்.

பழைய அரபு எழுத்தணி மரபில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர் ஆண்டுக்கணக்கில் மஷ்கு எழுதுவார்; புள்ளியால் அளந்து எழுத்தைத் திருத்துவார்; எவ்வளவு அழகாக எழுதினாலும் ஆசிரியரிடம் இஜாஸா பெறும்வரை தம் எழுத்தின்கீழ்ப் பெயரிட அவருக்கு உரிமையில்லை. பெயரிடுவது பெருமைக்காக அன்று; இந்த எழுத்துக்கு நான் பொறுப்பு என்று ஏற்பதற்காக. இன்றைய வரைகலைக் குறிகளில் வரைந்தவர் பெயர் இருப்பதில்லை. முக்கோணத்தின் மூலையில் ஆண்டர்சன் பெயர் இல்லை. பணத்தாளைக் கையில் வாங்கியவர் பேயரை அறியார். பெயரில்லாமல் செல்லும் சாட்சிக்கு, அனுப்பும்முன் செய்யும் விசாரணையே கையொப்பம்.

நம் பிள்ளைகளை இப்படிப்புக்கு அனுப்பும் பெற்றோர்க்கும் ஒரு சொல். விடுமுறையில் பிள்ளை பையை விரிக்கும்போது, 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லி நகராதீர்கள். உங்களுக்குக் கலை தெரியாது என்று கூசவும் வேண்டாம். பேருந்து நிலையத்தில் நிற்கும் மூதாட்டியாகவும், மாவு வாங்கும் இல்லத்தரசியாகவும், காயலான் கடைக்காரராகவும் நின்று கேள்வி கேளுங்கள். குறிகள் உங்களுக்காகத்தான் வரையப்படுகின்றன; கேட்கும் உரிமை உங்களுடையது.

என் தங்கை மகள் அடுத்த விடுமுறைக்கு வருவாள். 'விசாரணை'க் குறிக்கு வினாக்குறியை விட்டு வேறு என்ன வரைவாள் என்று அறிய ஆவலாயிருக்கிறேன். மேசைக்குப் பின்னால் அமர்ந்து வழிசொல்லும் ஒரு மனிதரை வரையலாம் என்று எண்ணுவதாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். அந்த மேசையில் உண்மையில் ஆள் இருப்பாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.